எலும்பைப் பற்றிய கை

"யாரும்மா என் காலைப் பிடிச்சிருக்கறது? கை ஜில்லுனு இருக்கு," என்றார் மாமனார், ஆபரேஷன் மேஜையில் படுத்தபடி.

எக்ஸ்ரே கருவியை நகர்த்திக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். முதுகில் போட்ட ஊசியில் அவருக்கு இடுப்புக்குக் கீழே எல்லாம் மரத்துப்போயிருந்தது. மயக்க டாக்டர் குத்திப் பார்த்து, "மரக்கட்டை மாதிரி இருக்கு, ஆரம்பிக்கலாம்" என்று சொல்லியாயிற்று.

"யாரும் பிடிக்கல மாமா. காலை மேஜையோட சேர்த்துக் கட்டியிருக்காங்க, அதான்."

"கட்டு போட்டா விரல் விரலாவா தெரியும்?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். "காலம் பூரா பஸ் ஓட்டினவன். கடைசில பாத்ரூம்ல பிரேக் பிடிக்கல பாரு."

அந்த ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே டெக்னீஷியன் அவள். தொடை எலும்பு இடுப்போடு சேருகிற கழுத்தில் அவருக்கு முறிவு. பெரிதாகக் கிழிக்காமல், அவள் எடுத்துத் தரும் படத்தைப் பார்த்துப் பார்த்தே எலும்பு டாக்டர் உள்ளே ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்துவார். அந்தக் கம்பி காட்டும் வழியில் திருகாணி இறங்கும். கம்பி தப்பினால் எல்லாம் தப்பும். அதனால்தான் "எங்க மாமாவுக்கு நானே நிக்கறேன்" என்று கேட்டு வாங்கியிருந்தாள். தகப்பன் முகம் தெரியாமல் வளர்ந்தவளுக்கு, அப்பா என்று மனம் ஒட்டிய ஒரே மனிதர்.

ஜன்னல் இல்லாத அறை. ஏசியின் இரைச்சலுக்கு அடியில் இதயத்துடிப்புக் கருவி சீராகக் கூவிக்கொண்டிருந்தது. மருந்து நெடியோடு, துளையிடும் கருவியின் சூட்டில் எலும்பு கருகும் வாடையும் மெல்லக் கலந்தது. மார்பில் மாட்டிய ஈயக் கவசம் என்றைக்கும் இல்லாமல் கனத்தது.

"ஒண்ணு எடுங்க," என்றார் டாக்டர்.

காலடியிலிருந்த படமெடுக்கும் பெடலை அழுத்தினாள். திரையில் சாம்பல் நிறத்தில் எலும்பு. அதற்குள் பாதி நுழைந்த கறுப்புக் கம்பி. எலும்பைச் சுற்றி விரல்கள்.

"சார், உங்க கை படத்துல விழுது."

டாக்டர் இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கினார். நர்ஸ் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டி நின்றாள்.

"இப்ப எடுங்க."

விரல்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கணு அதிகம்.

"பழைய படம் அப்படியே நிக்குதா?" டாக்டரின் குரல் வறண்டிருந்தது.

"இல்ல சார். இது இப்ப எடுத்தது."

அவர் திரையையே பார்த்தார். "பாதியில விட முடியாது. எடுத்துக்கிட்டே இருங்க."

அழுத்தினாள். விரல்கள் மேலே ஏறியிருந்தன.

அழுத்தினாள். எலும்பு திரும்பியிருந்தது. கம்பியின் முனை விலகி, வயிற்றை நோக்கி.

"வலிக்குதும்மா," என்றார் மாமனார். குழந்தைக் குரல்.

கூவல் வேகம் பிடித்தது. டாக்டர் கம்பியைத் திருப்ப முயன்றார். வரவில்லை. எதுவோ அந்தப் பக்கம் இழுத்தது.

முகக்கவசத்துக்குள் அவள் உதடு தானாக அசைந்தது. "அவரை விட்டுடு. வேணும்னா என்னை..."

முடிக்கவில்லை. அழுத்தினாள்.

வெறும் எலும்பு. நேராக, நட்ட நடுவில் கம்பி.

"விட்டுடுச்சும்மா," என்று மாமனார் மூச்சு விட்டார்.

திருகாணி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. மாமனாரை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். வாசலில் காத்திருந்த கணவனின் சிரிப்பு கேட்டது. அவளும் சிரித்துக்கொண்டாள். ஈயக் கவசத்தைக் கழற்றி மாட்டினாள். கருவியின் ப்ளக்கைப் பிடுங்கி வயரைச் சுற்றினாள். ஆங்கில 'சி' எழுத்துப் போல வளைந்திருந்த கருவிக்குள் ஒரு காலை வைத்து அதை மூலைக்குத் தள்ளினாள்.

திரை வெளிச்சமானது.

வயர் அவள் கையில் இருந்தது.

படத்தில் ஒரு தொடை எலும்பு. முறிவில்லாதது, இளையது. பக்கத்தில், பாக்கெட்டுக்குள் கிடக்கும் வீட்டுச் சாவி, கறுப்பாக. அவளுடைய சாவி.

அவளால் காலை எடுக்க முடியவில்லை.

ஓரத்திலிருந்து விரல்கள் வந்தன. நிதானமாக. ஒவ்வொன்றாக எலும்பைச் சுற்றி மடிந்தன. தோலில் எதுவும் படவில்லை. குளிர் உள்ளேயிருந்து ஏறியது.

எலும்பின் கழுத்தில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு தோன்றி, மெல்ல நீண்டது.

வலி இன்னும் தொடங்கவில்லை.