எண் இல்லாத தூண்

"யாரைக் கேட்டு எங்க தூண்ல எழுதுறீங்க?"

சுண்ணாம்புத் தூரிகையோடு நின்ற முத்தலிப் திரும்பினான். கையில் தேத்தண்ணித் தட்டோடு ஒருத்தி... கோபத்தில் முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. அந்தக் கண்களைப் பார்த்ததும் எழுத வேண்டிய எண் அவனுக்கு மறந்தே போனது.

"அரசாங்கத்தக் கேட்டுத்தான். நீங்க?"

"றஸ்மியா. இது எங்க வாப்பா கடை."

பலாபத்வலையில் வீதியோரம் நின்ற அந்த மரச் சாவடி, கண்டி ராசாக்கள் காலத்தில் எல்லைக் காவலுக்குக் கட்டியது. பல கை மாறி, இப்போது அவள் தந்தை ஸஹாப்தீனின் தேத்தண்ணிக் கடை. சுதந்திரம் கிடைத்துப் பத்து வருசமாகிறது, வீதியை அகலப்படுத்துகிறார்கள். சாவடியை இடிக்காமல் கழற்றி மாத்தளையில் திரும்ப நிறுத்தும் வேலையை மேற்பார்க்க வந்த ஓவசியர்தான் முத்தலிப். எது எங்கே என்று தெரிய ஒவ்வொரு மரத்திலும் எண் போட்டுக்கொண்டிருந்தான்.

"காப்பாத்தத்தானே கொண்டு போறோம்," என்றான் மெதுவாக.

"கடையில்லாம, ஆளில்லாம நிக்க வச்சா... அது காப்பாத்தினதா?"

முத்தலிப் திகைத்துத் தூரிகையைத் தாழ்த்தினான்.

அந்தியில் மழை பிடித்தது. றஸ்மியா மூலைத் தூணருகே வந்தாள். சின்ன வயதிலிருந்து அவள் சாய்ந்து சாய்ந்தே வழவழத்துப்போன தூண் அது. ஈரத் துணியால் அதிலிருந்த எண்ணைத் துடைத்தாள். ஒரு தூண் குழம்பினால் வேலையே நின்றுவிடாதா...

நிற்கவில்லை. லொறி வந்து எல்லாவற்றையும் ஏற்றிப் போனது. வாப்பா எதிர்ப்பக்கம் தகரக் கொட்டகை போட்டார். மாத்தளைச் சாவடிப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டேன் என்றார்.

ஒரு நாள் லொறி ஓட்டும் ஸக்கரியா நானா தேத்தண்ணி குடிக்க வந்தார்.

"ஓவசியர் பாவம். ஒரு தூண்ல நம்பர் இல்லையாம். கூரை ஏத்தாம நிக்கிது. பெருமழைக்கு முந்தி ஏத்தாட்டி மரமெல்லாம் கெட்டுப் போயிரும்."

றஸ்மியா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். நான் பிறந்து வளர்ந்த கூரை... நானே அழிக்கப் போகிறேனா? முத்தலிப் திகைத்து நின்ற முகமும் கூடவே நினைவுக்கு வந்தது. அது ஏன் இப்படி வலிக்க வேண்டும்?

மறுநாள் உம்மாவிடம் எல்லாம் சொல்லி, அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். மாத்தளைத் திடலில் தூறல். உம்மா குடையோடு மரத்தடியில் நின்றுகொண்டாள்.

"நான்தான் அழிச்சேன்... மன்னிச்சுக்கங்க. அது வீதியப் பார்த்த மூலைத் தூண்," என்று முத்தலிப்பிடம் காட்டத் திரும்பியவள் நின்றுவிட்டாள்.

எல்லாத் தூண்களும் நின்றிருந்தன. ஒரே ஒரு குழி காலி. பக்கத்தில் மழை படாமல் படங்குத் துணி போர்த்தி, ஒரே ஒரு தூண்.

"இருக்கிறது ஒரு குழி, ஒரு தூண்... இது தெரியாமலா நின்னீங்க?"

"தெரியும். நீங்க துடைச்சத அன்னைக்கே பார்த்தேன்."

"பொறகு ஏன்?"

"உங்கள திரும்பப் பார்க்க வேற வழி தெரியல்ல." அவன் குரல் தணிந்தது. "நீங்க கேட்ட கேள்வி தூங்க விடல்ல. இங்கயே உங்க வாப்பா கடை போட அனுமதி வாங்கிட்டேன். ஆனா... கடைக்காக மட்டும் நான் காத்திருக்கல்ல. உங்கள எனக்குப் புடிச்சிருக்கு, றஸ்மியா. வாப்பாகிட்ட வந்து கேக்கட்டா?"

அவள் குனிந்து படங்கை விலக்கினாள். அவள் துடைத்த வழவழத்த இடத்தில் அவன் மறுபடி எண் எழுதவே இல்லை.

"மொதல்ல இத நடுங்க. கூரையப் போடுங்க," என்றாள், முகம் நிமிராமல். "வாப்பாவ நான் கூட்டிட்டு வாறேன்... நனையாம உக்காந்து பேசணும்ல?"