அந்த ஊசி வேண்டாம், சிஸ்டர்!

"அய்யோ...! செத்தேன்...!"

அலறல் கேட்டு நர்ஸ் ஹம்சவேணி ஓடவில்லை. நடந்தே போனாள்.

டாக்டர் வெங்கடேஷ்பாபு தன் அறையில் முட்டி போட்டுக் கிடந்தார். விழுந்த செல்போனை எடுக்கக் குனிந்தவர்... குனிந்தது குனிந்தபடியே! செல்போன் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"சிஸ்டர்... இடுப்பு பிடிச்சிருச்சும்மா... டிஸ்க் பிதுங்கிருச்சு போல..."

கைத்தாங்கலாக நடத்திப் போய், ஊசி போடும் அறையில் குப்புறப் படுக்க வைத்தாள். பக்கத்து பெட்டைப் பச்சைத் திரை ஒன்று மறைத்திருந்தது.

2008. ஒத்தக்கடையில் மதிய நேரக் கரண்ட் கட். ஃபேன் நின்று, அறையே கம்மென்று கிடந்தது.

'தேய்ந்த டிஸ்க் திரும்ப வளரும்! ஸ்டெம் செல் ஊசி!' என்று மேலூர் ரோட்டைப் பார்த்து போர்டு வைத்த டாக்டருக்கே இடுப்பு போய்விட்டது!

"காலையில ஊசி போட்ட இன்ஸ்பெக்டர் போயிட்டாரா? இந்தக் கோலத்துல பார்த்தா மானம் போயிரும்."

"அவர் அப்பவே போயாச்சு டாக்டர்."

"சீக்கிரம் வலி ஊசி போடும்மா!"

டிரே வந்தது. அதில் இரண்டு சிரிஞ்ச்.

"ஒண்ணு வலி ஊசி. இன்னொண்ணு ஃப்ரிட்ஜ்ல இருக்கிற உங்க ஸ்டெம் செல். வலி ஊசி எதுக்கு டாக்டர்? ஒரேயடியா டிஸ்க்கையே வளர்த்துருவோம்!"

"விளையாடாதே சிஸ்டர்."

அவள் அவர் சட்டையை மேலே ஏற்றினாள். முதுகுத்தண்டின் அடியில் ஸ்பிரிட் தடவினாள். இரண்டாவது சிரிஞ்சைக் கையில் எடுத்தாள்.

"அசையாதீங்க. நீங்க எல்லாருக்கும் சொல்றதுதானே?"

டாக்டருக்கு வியர்த்தது.

"ஏய்... அதைக் கீழ வை! அந்த ஊசி வேண்டாம்!"

"ஏன்? வில்லாபுரம் பாலமுரளிக்குப் போட்டீங்களே?"

"எந்தப் பாலமுரளி...?"

கொன்றவனுக்குப் பெயர்கூட ஞாபகமில்லை!

"என் தம்பி. தறிக்குழியில உக்காந்து உக்காந்து இடுப்பு தேஞ்சு போனவன். நீங்க நம்ம வீட்டு சௌராஷ்டிரா பாஷையில பேசினதும், நம்மவர்தானேன்னு நம்பி முதுகைக் காட்டினான். உள்ளுக்குள்ள சீழ் வச்சு, காய்ச்சல்ல பிதற்றியே செத்தான். நான் அப்ப கோயமுத்தூர்ல யார் யாருக்கோ நர்ஸ் வேலை பார்த்துக்கிட்டு இருந்தேன். அவன் வாய்க்கு ஒரு வாய் தண்ணி ஊத்தக் கொடுத்து வைக்கலை எனக்கு!"

டாக்டர் சட்டென்று சௌராஷ்டிராவுக்குத் தாவினார். தங்கச்சி முறை கொண்டாடினார். தாயே என்றார். குலதெய்வத்தைக்கூடக் கூப்பிட்டார்.

"தமிழ்ல பேசுங்க."

"நமக்குள்ள நம்ம பாஷையில..."

"அந்தப் பாஷையிலதான் என் தம்பி ஏமாந்தான். தமிழ்ல சொல்லுங்க... சத்தமா! இந்த மருந்துல என்ன இருக்கு?"

ஊசி முனை தோலைத் தொட்டது.

"சொல்றேன்... சொல்றேன்! அது ஸ்டெம் செல்லே இல்ல! கன்னுக்குட்டி ரத்தத்துல எடுக்கிற சீரம்! லேப்ல செல் வளர்க்க ஊத்துறது... மனுஷனுக்குப் போடவே கூடாது!"

"என் தம்பிக்குப் போட்டது?"

"கரண்ட் இல்லாம ஃப்ரிட்ஜ் நின்னு போச்சு... பாட்டில் கலங்கியிருந்துச்சு. தெரிஞ்சேதான் போட்டேன்... கீழ ஊத்த மனசு வரலை..."

தெரிஞ்சே!

ஹம்சவேணியின் கட்டை விரல் சிரிஞ்சின் மேல் ஏறியது. ஒரே ஒரு அழுத்து... அம்புட்டுதான்! அதே சீழ், அதே காய்ச்சல், அதே பிதற்றல். வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அவ்வளவு ஆசையாக இருந்தது.

மெல்ல ஊசியை எடுத்து மூடி போட்டாள்.

"இது சாட்சி. உங்க உடம்புக்குள்ள போயிட்டா கோர்ட்டுக்கு நான் எதைக் கொண்டு போறது?"

டாக்டருக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே கொழுப்பும் வந்தது!

"கோர்ட்டா? மருந்தை நீயே கலந்தேன்னு சொல்லுவேன்டி! இங்க பேசினதைக் கேட்டது நீயும் நானும்தான்!"

"யோவ்...!"

பச்சைத் திரை உறுமியது.

ஹம்சவேணி திரையை இழுத்தாள். பக்கத்து பெட்டில் இன்ஸ்பெக்டர் விருமாண்டி! காக்கி பேண்ட்டும் வெற்று முதுகுமாக, காலையில் ஊசி போட்டுக்கொண்டு குப்புறப் படுத்தவர் அப்படியே கிடந்தார். முகம் மட்டும் பேயறைந்தது போலிருந்தது.

"ஏம்மா... அப்ப காலையில எனக்குள்ள போனது கன்னுக்குட்டியா?!"

"வெறும் சலைன் சார். நான் வேலைக்கு வந்த நாள்லருந்து அந்த மருந்து ஒருத்தருக்கும் போகலை. சிரிஞ்சை மாத்தி வச்சிருவேன்."

தமிழில் பேசச் சொன்னது எதற்கென்று டாக்டருக்கு இப்போதுதான் உறைத்தது. விருமாண்டிக்குச் சௌராஷ்டிராவில் ஒரு வார்த்தை தெரியாது!

"போன மாசம் கம்ப்ளெயிண்ட் கொண்டு வந்தேன். 'ஆதாரத்தோட வா'ன்னு விரட்டி விட்டீங்க. அப்புறம் நீங்களே ஊசிக்கு வந்து நிக்கிறீங்க! ஆதாரத்தைத் தூக்கிட்டு வர முடியலை சார்... அதான் உங்களை ஆதாரத்துக்குப் பக்கத்துல படுக்கப் போட்டு, என்ன காதுல விழுந்தாலும் வாயைத் திறக்காதீங்கன்னு கெஞ்சினேன். எப்படிப் பேச வைக்கிறதுன்னுதான் தவிச்சேன். அதுக்கு அவர் இடுப்பே வழி பண்ணிருச்சு."

விருமாண்டி அசடு வழிந்தார். அடுத்த நொடி போலீஸ் ஆனார்.

"வெங்கடேஷ்பாபு! உன்னை அரெஸ்ட் பண்... ஆ...! அம்மாடியோவ்!"

எழுந்தவர் பொத்தென்று பெட்டில் விழுந்தார். டாக்டரும் எழப் பார்த்து விழுந்தார். ரெண்டு பெட்டிலிருந்தும் முனகல்!

டிரேயில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வலி ஊசி. ஹம்சவேணி அதை இன்ஸ்பெக்டருக்குப் போட்டாள்.

"சிஸ்டர்... எனக்கு...?" டாக்டர் அழுதேவிட்டார்.

விருமாண்டி சுகமாகக் கண்ணை மூடினார்.

"உனக்கு எதுக்குய்யா ஊசி? வருசக்கணக்கா ஜெயில்ல வெறுந்தரையிலதானே படுக்கப் போறே... டிஸ்க் தன்னால வளரும்!"