நான்காம் அறையின் இரண்டாவது பெஞ்சு

மார்ச் 7, சனி.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். ஆளே இல்லாத ஒரு படத்தில் ஓர் ஆள் இருப்பதாகச் சொல்லிவிட்டேன்.

முறையாக எழுதுகிறேன். பகலில் எனக்கு மாமாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. திங்களும் வியாழனும் மாலையில், அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் விவரிப்பாளர் வகுப்பு. கண் தெரியாதவர்கள் ஓவியங்களைப் பார்க்க வரும்போது பக்கத்தில் நின்று வாயால் படத்தைக் காட்டும் வேலைக்கான பயிற்சி அது. சனிக்கிழமை நான்கு மணிக்கு உண்மையான பார்வையாளர் ஒருவரோடு அறைகளைச் சுற்ற வேண்டும். ஆசிரியைக்கு மூன்று விதிகள். இடமிருந்து வலமாகப் போ. எண்ணிச் சொல். கண்ணில் பட்டதைச் சொல், மனதில் பட்டதை யாரும் கேட்கவில்லை.

எனக்கு வாய்த்தவர் டெலிபோன் அம்மா. முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவராம். பார்வை போய் ஏழு வருடம் ஆகிறது. முதல் மூன்று அறைகளை ஒழுங்காகவே முடித்தோம். நான்காம் அறையில் ஒரே ஒரு பெரிய படம்: ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறை. இடதுபுறம் ஜன்னல். சுவரில் கடிகாரம். மூன்று பெஞ்சுகள்.

"ரெண்டாவது பெஞ்சோட ஓரத்துல ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்காங்க. நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு" என்றேன்.

"தலையில என்ன?" என்றார் அம்மா.

"துணி கட்டியிருக்காங்க. சாம்பல் நிறம்."

என் கையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. பிறகு, "போலாம்மா" என்றார்.

பின்னால் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஆசிரியை, அம்மாவை அனுப்பிய பிறகு என்னைத் தனியே அழைத்தார். "நாலாம் ரூம் படத்துல யாரும் கிடையாதே. மூணு அறை நல்லா பண்ணிட்டு இங்க ஏன் கதை விட்டீங்க?"

திரும்பி ஓடிப் போய்ப் பார்த்தேன். ஜன்னல், கடிகாரம், மூன்று பெஞ்சுகள். மூன்றும் காலி.

அறைக் காவலரிடம் கேட்டேன். "பன்னெண்டு வருஷமா இது எதிர்லதான் உட்கார்ந்திருக்கேன். அதுல ஈ காக்கா கூட இல்லம்மா" என்றார்.

மார்ச் 12, வியாழன்.

கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து என் கண்களை நானே சோதித்துக்கொண்டேன். கடைசி வரி வரைக்கும் படிக்க முடிகிறது. மாமா பார்த்துவிட்டார்.

"கண்ணாடிக் கடைக்காரிக்கே கண்ணு தெரியலன்னா நான் போர்டை எறக்கிட்டு சும்மா உட்கார வேண்டியதுதான்."

"கண்ணு தெரியுது மாமா. அதான் பயமா இருக்கு."

அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எனக்கு என் மேலேயே சந்தேகம். அவசரத்தில், இருக்கும் என்று நினைத்ததைச் சொல்லியிருக்கலாம். அருங்காட்சியகக் கடையில் அந்தப் படம் அச்சிட்ட அட்டை ஒன்றை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பெஞ்சின் பலகைகள் ஒவ்வொன்றையும் எண்ணிவிட்டேன். யாரும் இல்லை.

மார்ச் 14, சனி.

நான்கு மணிக்கு முன்பே போய் டெலிபோன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் வாசல் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ தப்பா ஒண்ணும் சொல்லலம்மா. சாம்பல் நிறம்னு உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா."

"அந்தத் துணியை நான்தான் கட்டிவிட்டேன். நிறம் கடைக்காரர் சொன்னது."

பிறகு அவரே சொன்னார். பார்வை மங்கத் தொடங்கியதிலிருந்து மகள்தான் அவரை இங்கே அழைத்து வருவாளாம். எந்தப் படத்தைக் காட்டினாலும் அதில் இல்லாத ஒரு பூனையைச் சேர்த்துச் சொல்வாளாம். "கப்பல்ல பூனை, போர்க்களத்துல பூனை. ராஜாவோட மடியில கூட ஒண்ணு. நான் சிரிச்சு சிரிச்சு, காவலாளி வந்து வெளிய போகச் சொல்லுவான்."

அந்த மகள் போன வருடம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். நாலு மாதம் கிடந்தாள். அம்மா தினமும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எப்படி இருக்கிறாய் என்று கேட்பாராம். நன்றாக இருக்கிறேன், கன்னம் கூட உப்பியிருக்கிறது என்பாளாம். தலைக்குத் துணி கட்ட விடுவாளாம், முகத்தைத் தொட மட்டும் விடமாட்டாளாம். வலிக்கிறது என்று கையைப் பிடித்துக்கொள்வாளாம்.

"போன அப்புறம் நர்சைக் கேட்டேன். நாத்தனாரைக் கேட்டேன். எல்லாரும் 'தூங்கற மாதிரி இருந்தா'ன்னாங்க. பேசி வச்ச மாதிரி ஒரே வார்த்தை. பெத்தவ நான். எம் பொண்ணு கடைசியா எப்படி இருந்தான்னு ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாது. யாராவது ஒருத்தர் உள்ளதைச் சொன்னா போதும்மா. அதுக்கப்புறம் நான் அழுதுக்கறேன்."

எனக்கு வேண்டாம் என்றிருந்தது. ஆனால் அவர் ஏற்கெனவே எழுந்து கையை நீட்டியிருந்தார்.

நான்காம் அறையின் வாசலிலேயே ஸ்பிரிட் வாசனை. காவலர் நாற்காலியில் கொட்டாவி விட்டபடி இருந்தார். அவருக்கு எந்த வாசனையும் வந்ததாகத் தெரியவில்லை.

அவள் இருந்தாள்.

அதே பெஞ்சு, அதே ஓரம். இன்று பக்கவாட்டில் திரும்பியிருந்தாள். துணியின் மறைவில் கன்னத்தின் ஒரு கோடு மட்டும் தெரிந்தது. வண்ணத்தின் வெடிப்புகள் அந்தக் கோட்டின் மேலும் ஓடின, ஏதோ நூறு வருடமாக அவள் அங்கேயே இருப்பது போல.

"திரும்பறாளா?"

"இல்லம்மா."

"அடுத்த வாரம் திரும்புவா" என்றார் அம்மா. "அவ கோவம் ரெண்டு வாரத்துக்கு மேல நிக்காது."

வகுப்புக் குறிப்பில் என்ன எழுதுவதென்று தெரியாமல் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

மார்ச் 21, சனி.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

மழை. பார்வையாளர்கள் குறைவு. மூன்று அறைகளையும் நிற்காமல் கடந்தோம். நான்காம் அறையில் ஈரப்பதம் காக்கும் இயந்திரம் எப்போதும் முனகிக்கொண்டிருக்கும். நாங்கள் உள்ளே கால் வைத்ததும் அது நின்றது.

நான் இடதுபுறத்திலிருந்து தொடங்கினேன். ஜன்னல். கடிகாரம். முதல் பெஞ்சு. முடிந்தவரை மெதுவாகச் சொன்னேன்.

அடுத்து இரண்டாவது பெஞ்சு.

அவள் எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

துணி தோளில் நழுவிக் கிடந்தது. நான் வாயைத் திறந்தபோது அவள் கை மெல்ல எழுந்தது. அது எழுவதை நான் பார்த்தேன். ஓவியத்தில், காய்ந்த வண்ணத்தில்.

ஒரு விரலை உதட்டின் மேல் வைத்தாள்.

சொல்லாதே.

"சொல்லும்மா" என்றார் அம்மா என் காதருகில்.

என் ஒரு பக்கம் கேட்கிறவர். எதிரே கெஞ்சுகிறவள். எனக்கு அவள் மேல்தான் இரக்கம் வந்தது. அதுவும் தவறோ என்னவோ.

"நல்லா இருக்காங்கம்மா. அமைதியா, தூங்கற..."

அதற்குள் அம்மா என் கையை விட்டுவிட்டார்.

"முப்பது வருஷம் குரலைக் கேட்டே பொழைச்சவ நான். பொய் எந்த எடத்துல மூச்சு வாங்கும்னு எனக்குத் தெரியாதா. நீயுமாம்மா?"

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். களைத்துப்போன குரல் அது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சுவர் எந்தப் பக்கம் என்று காற்றில் தடவினார்.

நான் அந்தக் கையைப் பிடித்தேன். அந்தப் பெண்ணைப் பார்க்காமல் அவள் முகத்தை மட்டும் பார்த்தேன். நெற்றியிலிருந்து தொடங்கினேன்.

"தலையில முடி இல்லம்மா. புருவமும் இல்ல. நெத்தியில நரம்பு தெரியுது. கன்னம் உள்ள போயிருக்கு, எலும்பு மட்டும் துருத்திக்கிட்டு இருக்கு. தோல் மஞ்சளா இருக்கு. உதடு ரெண்டு எடத்துல வெடிச்சிருக்கு. கழுத்துல ஒரு பிளாஸ்திரி, ஓரம் பிரிஞ்சிருக்கு. கைமணிக்கட்டு ஒரு குழந்தையோட மணிக்கட்டு அளவுதான்."

விரல் இன்னும் உதட்டின் மேலேயே இருந்தது.

"கண்ணு?"

"பெருசா இருக்கு. முகத்துல அது மட்டும்தான் மாறலைன்னு நினைக்கிறேன். எனக்கு முன்னாடி எப்படின்னு தெரியாதும்மா."

"பெருசாத்தான் இருக்கும். எங்க பாக்கறா?"

"உங்களை."

அம்மா ஓரடி முன்னால் போனார். "அடி பைத்தியமே" என்றார், யாரோ பக்கத்து அறையில் தூங்குகிறார்கள் என்பது போலத் தணிந்த குரலில். "இதுக்கா நாலு மாசம் எங்கிட்ட மூஞ்சியை மறைச்ச? இதுல என்னடி இருக்கு?"

விரல் இறங்கியது.

"என்ன பண்றா?"

"அழறாங்கம்மா."

அம்மா கையை உயர்த்தி, படத்துக்கு ஒரு சாண் முன்னால் காற்றில் மெல்ல வருடினார். நெற்றி, கன்னம், உதடு. நான் சொன்ன அதே வரிசை. எங்கேயும் தடவித் தேடவில்லை. காவலர் பாதி எழுந்து, "தொடாதீங்கம்மா" என்று தொடங்கி, பிறகு ஏனோ உட்கார்ந்துவிட்டார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது.

இயந்திரம் மறுபடி முனகத் தொடங்கியது. இரண்டாவது பெஞ்சு காலியாக இருந்தது.

அவள் போய்விட்டாள் என்று சொன்னேன். அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

வெளியே வர ஐந்தே கால் ஆகிவிட்டது. முன்வாசலில் இருபத்திரண்டு படிகள், மழையில் நனைந்து வழுக்கின. அம்மா வலது கையால் என் முழங்கையைப் பற்றியிருந்தார். ஆறாவது படியில் நின்றார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா எறங்குங்க. எனக்கு வயசாகலையா?"

நான் அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் பார்த்தேன்.

அவருடைய இடது கை காற்றில் மடங்கியிருந்தது, என் முழங்கையைவிடச் சற்றுத் தாழ்வாக. விரல்கள் எதையோ சுற்றி வளைந்திருந்தன. அந்த வளைவுக்குள் இருந்த இடைவெளி மிகவும் சிறியது.

அங்கே யாரும் இல்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. அந்த இடைவெளியில் மட்டும் பெய்யவில்லை.

மீதிப் படிகளை மூவர் இறங்கும் வேகத்தில் இறங்கினேன்.

நாளை, ஞாயிறு: பதினோரு மணிக்கு டெலிபோன் அம்மாவின் வீட்டுக்குப் போக வேண்டும். மகளுடைய பீரோவில் இருக்கும் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறம் சொல்ல வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது என்று அவர்கள் இருவரும் முடிவு செய்வார்களாம்.