நான்காம் மாடியில் மங்கும் விளக்கு

அல்வால் அடுக்ககத்தின் நான்காம் மாடியில், பூட்டிய வீட்டுக்குள் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஏதோ ஒன்று அதை மெல்ல மறைத்தது. விட்டது. மறுபடி மறைத்தது.

எதிர் பிளாக் படிக்கட்டில் நின்று தாரிணியும் ஸ்டெல்லாவும் பார்த்தார்கள். மங்கலான ஜன்னல் கண்ணாடியில் உருவம் தெரியவில்லை. பெரியது என்பது மட்டும் தெரிந்தது.

"எங்கப்பா பயந்துட்டாவ. இன்னைக்குள்ள என்னன்னு தெரியலன்னா உப்பல்ல வீடு பாத்துருவாவ," என்றாள் ஸ்டெல்லா.

திருநெல்வேலியிலிருந்து வந்த அவள் குடும்பம் குடிபுக இருந்தது அந்த வீட்டில்தான். ஊரின் மறுகோடியிலுள்ள உப்பல் போனால் பள்ளியும் மாறும். தாரிணிக்குத் தோழியும் போவாள், அவள் தரும் ஊறுகாயும் போகும்.

"நக்கோ, உப்பல் எல்லாம் வேணாம். பாரு, சீரா வருது. பேய்க்கு எதுக்கு டைம்டேபிள்? ஏதோ சுத்துது."

சாவி, குடியிருப்புச் சங்கச் செயலாளர் அனந்தகிருஷ்ணனிடம் இருந்தது. மென்பொருள் கம்பெனி மேலாளர். பேயை நம்பாதவர். அவர் வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் சும்மா தொங்கின.

"அங்கிள், குட்டிச் சிவப்பு நட்சத்திரத்தைக்கூட ராட்சசக் கிரகம் சுத்துமாம். பேப்பர்ல போட்டிருந்தது. கிரகம் குறுக்க வந்தா வெளிச்சம் குறையும். அதை வெச்சுக் கண்டுபிடிக்கறாங்க. இதுவும் அப்படித்தான்," என்றாள் தாரிணி.

"பெரியவங்களைத்தான் சின்னவங்க சுத்தணும். ஆபீஸ்ல நாப்பது பேர் என்னைச் சுத்தறாங்க."

"அப்ப சாவி குடுங்க. நாங்க பாக்கறோம்."

"சாவி என் பொறுப்பு. நானே வரேன். நீங்க முன்னால போங்க."

கதவு திறந்தது. பழைய கேக் வாடை. இருட்டுக்குள் சலசலவென்று ஏதோ உருண்டது. குளிர்ந்த, வழுவழுப்பான ஒன்று அனந்தகிருஷ்ணனின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனது. அவர் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது.

தாரிணி டார்ச்சை அடித்தாள்.

ராட்சசப் பலூன். பிறந்தநாளுக்கு உள்ளே மிட்டாய் நிரப்பி, மின்விசிறியில் கட்டியது. குறைந்த வோல்டேஜில் விசிறி சோம்பலாகச் சுழல, பலூனும் சுற்றிச் சுற்றிச் சுவர் விளக்கின் குறுக்கே வந்தது.

"முன்ன குடியிருந்தவங்க விசா வந்த அவசரத்துல பாதிப் பிறந்தநாளோட கிளம்பிட்டாங்க," என்றாள் தாரிணி. "அப்ப கரண்ட் இல்ல. எந்த சுவிட்ச் போட்டிருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

ஸ்டெல்லா போன் செய்தாள். "எப்பா, பேய் இல்ல, பலூன். உள்ள மிட்டாய் இருக்கு. இங்கயே வந்துருவோமா?"

மறுமுனையில் என்ன பதில் வந்ததோ, தாரிணியைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு முதல்லயே தெரியும்," என்றார் அனந்தகிருஷ்ணன்.

அந்த நேரம் கரண்ட் போனது. சிவப்பு விளக்கு அணைந்தது. இருட்டில் பலூன் மட்டும் இன்னொரு முறை சலசலத்தது.

டார்ச்சோடு தாரிணி முன்னே இறங்கினாள். கீழ்த்தளம் வரும்வரை அனந்தகிருஷ்ணன் அந்தச் சின்ன வெளிச்சத்தை விட்டு விலகவில்லை. இந்தப் பக்கம் வந்தார், அந்தப் பக்கம் வந்தார். அவர் குறுக்கே வந்தபோதெல்லாம் படிக்கட்டு மங்கியது.