ஒரு முழம் இறங்கிய கோடு

"பூமிக்கு அடியில இருக்கிற பிளவை மேல நின்னுகினே எப்படிங்க கண்டுபுடிக்கிறீங்க?"

"காய்ஞ்ச வெளியில ஒரு வரிசை மரம் மட்டும் பச்சையா நிக்கும் சாந்தி. கரையான் புத்தும் அதே வரிசையில வரும். அடியில பாறை ஒடஞ்சு தண்ணி ஓடுதுன்னு அர்த்தம்."

"பிளவுதான்னு எப்படி உறுதி?"

"பாறையில ஒரு கோட்டைப் புடிச்சுகினு போவணும். நேரா வந்தது படக்குனு நிக்கும். பக்கத்துல மேலயோ கீழயோ தள்ளித் தொடரும். சேலையில பூ சேராம போகுமே, அந்த மாதிரி."

"அந்தச் சேலையை நான் தள்ளிடுவேன்."

"நான் அங்கதான் கிணத்தை ஆழப்படுத்தச் சொல்வேன்."

சாந்திமதி பிள்ளையார்பாளையத்துப் பட்டுக் கடையில் சேலை சரிபார்ப்பவள். அன்று அப்படிப் பேசிய, நிலத்தடி நீர் தேடும் வேலை பார்த்த அவள் கணவன் ரிஷப், முசரவாக்கத்துப் பாழுங்கிணறு ஒன்றில் இறந்து முப்பத்தெட்டு நாள் ஆகிறது. தனியாக இறங்கினான், பாறை சரிந்தது, விபத்து என்றார்கள். அவள் அழவில்லை. சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள். கடைசி நேரத்தில் அவன் கூட யாராவது இருந்திருந்தால் அவரிடம் ஒன்று கேட்க வேண்டும். தனியாக இருந்தான் என்றால் கேட்க ஆளே இல்லை.

'அவர் தனியாக் கிணத்துல எறங்கவே மாட்டாரு' என்று மூன்று முறை ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னாள். எஸ்.ஐ. ஏஞ்சல் கிணற்றை இறைக்க ஏற்பாடு செய்தாள்.

காலை 10.20. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ரிஷபுடன் பத்து வருஷம் வேலை செய்த போர்வெல் வண்டிக்காரன் முனிரத்தினம் வேப்பமர நிழலில் நின்றான்.

"அன்னிக்கு ரிஷப் போன்ல எப்ப பேசினாரு?" என்றாள் ஏஞ்சல்.

"ஒம்போது பத்துக்கு மேடம். இன்னும் எறங்கலன்னாரு. என் வண்டி பஞ்சர். ஒரு மணிக்கு வந்தேன். வத்திக் கெடந்த கிணறு பாதி தண்ணி. மேல அவரு பையும் செல்லும் கெடந்துச்சு."

"அதுக்கப்பறம் போன் இல்ல?"

"இல்ல மேடம்."

"செல்லுலயும் அதான் கடைசி கால். நீ இந்தக் கிணத்துல எறங்கியிருக்கியா?"

"கால்கூட வெச்சதில்ல. சேறும் பாசியும். எந்தப் பைத்தியக்காரன் எறங்குவான்?"

"எங்க வீட்டுக்காரர் எறங்கினாரு," என்றாள் சாந்திமதி. "அவர் தேடின பிளவு இங்க இருந்துச்சா?"

"இருந்துச்சு அண்ணி. வெள்ளைக்கல்லு கோடு கிழக்கால ஒரு முழம் எறங்கியிருக்குது. அவரு கணக்கு தப்புமா?"

11.45. நீர் வடிந்தது. ஏணி வைத்து ஏஞ்சலும் சாந்திமதியும் இறங்கினார்கள். சுவரெங்கும் பல வருஷச் சேறு. கதவகலத்துக்கு ஓரிடம் மட்டும் சுரண்டப்பட்டுப் பாறை தெரிந்தது. அதில் வந்த வெள்ளைக் கோடு ஒரு வெடிப்பில் நின்று, கிழக்கே தாழ்ந்து தொடர்ந்தது. சாந்திமதி கையை வைத்து அளந்தாள். சரியாக ஒரு முழம். வெடிப்புக்குள் பாறை மாவாக நொறுங்கியிருந்தது. அதில் ஒரு கடப்பாரை செருகி நின்றது. அப்போதும் அவளுக்கு அழுகை வரவில்லை. சேலையில் பழுதைத் தொடுவதுபோல் கோட்டைத் தொட்டுவிட்டு மேலே ஏறினாள்.

"முனிரத்தினம் அன்னிக்குக் கிணத்துக்குள்ள இருந்தாரு மேடம்."

"எப்படிச் சொல்றீங்க?"

"ஒம்போது பத்துக்கு அந்தக் கோடு சேத்துக்கு அடியில. அப்பறம்தான் அவர் எறங்கிச் சுரண்டினாரு. ஒரு மணிக்கு அது தண்ணிக்கு அடியில. நடுவுல உள்ள நின்னவங்கதான் பார்த்திருக்க முடியும். மரத்தைப் பார்த்துப் பிளவு இருக்குதுன்னு சொல்லலாம். எந்தப் பக்கம், எத்தினி முழம்னு மேல நின்னு சொல்ல முடியாது. இவர் சொன்னாரு."

முனிரத்தினம் மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் தள்ளல அண்ணி. கடப்பாரையால ஒரு குத்து குத்தினா தண்ணி பீச்சும்னு நெனச்சேன். தொடாதடான்னாரு, கேக்கல. கல்லெல்லாம் சரிஞ்சு, அவரு காலு மாட்டிக்கிச்சு. நான் கயித்தைப் புடிச்சு ஏறிட்டேன். அவரு கீழருந்து ஏதோ சொல்லிக்கினே இருந்தாரு. பயந்து ஓடிட்டேன்."

"வண்டியில ஏறு," என்றாள் ஏஞ்சல்.

"கொஞ்சம் இருங்க மேடம்."

சாந்திமதி அவன் எதிரே குந்தினாள். அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"அவரு கடைசியா என்ன சொன்னாரு? அப்படியே சொல்லுபா. ஒரு வார்த்தையும் மாத்தாத."