ஏனாக் பாஸ்க், சவப்பெட்டித் தச்சர்

கார் மட்டுமே நிற்கும் கொட்டகைக்குள் யாரோ ரம்பத்தால் மரம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் நவம்பர் மாதம், தேநீர் வேளைக்கே இருட்டிவிட்டது. சமையலறையில் நின்ற ரோவீனா கெட்டிலை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். ஒரு இழுப்பு, சற்று ஓய்வு, மறுபடி இழுப்பு. கூடவே கதவிடுக்கு வழியாகப் பச்சை எல்ம் மரத்தின் புளித்த வாசனை. அவள் சிறுமியாக இருந்தபோதே ஊரிலிருந்த எல்ம் மரங்களெல்லாம் நோய் கண்டு பட்டுப்போய்விட்டன.

எல்லாம் அவளுடைய விளையாட்டுப் புத்தியால் வந்த வினை. விக்டோரியா ராணி காலத்து வணிகர் கையேடுகளில் தன் முன்னோரைத் தேடிக்கொண்டிருந்தாள். ஊர்வாரியாகக் கொல்லர், ரொட்டிக்காரர், மதுக்கடைக்காரர் என்று பெயர் போட்டிருக்கும். அதில் அவளுடைய எள்ளுத்தாத்தா ஏனாக் பாஸ்க், வண்டிச்சக்கரமும் சவப்பெட்டியும் செய்பவர். அவர் செத்த பிறகு வந்த பதிப்புகளிலும் பெயர் அப்படியே நின்றது. பழையதைப் பார்த்து அச்சடித்திருக்கிறார்கள் சோம்பேறிகள் என்று சிரித்தாள். அதோடு விட்டிருக்கலாம். தேவாலயப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் உள்ளூர்த் தொழில்காரர்களின் பெயர் போடுவது அவள் பொறுப்பு. குழாய் ரிப்பேருக்கும் முடிதிருத்தத்துக்கும் நடுவே ஏனாக்கையும் நுழைத்து, தன் வீட்டு முகவரியையே கொடுத்தாள். இன்று காலை பத்திரிகை வீடு வீடாகப் போயிருந்தது.

"செத்த மனுஷனுக்கு ஆர்டர் பிடிச்சுக் குடுக்கிறியா? உனக்கு என்ன கமிஷன்?" என்று மதியம் மாடிப் படுக்கையில் கிடந்தபடி கிளெமென்ட் கேலி செய்தான். இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கணவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவன் பிழைத்துவிட்டால் போதும். அவளுக்கு வேறு யாருமில்லை.

ரம்பம் நின்றது.

வாசற்கதவு திறக்கவில்லை. ஆனாலும் மாடிப்படி முனகியது. ஒரு படி. இன்னொரு படி.

மேலே கிளெமென்ட்டின் குரல், மரியாதையாக.

"வாங்க, வாங்க. நேரா படுக்கணுமா? சரிங்க."

"கிளெம்!" விழுந்தடித்து ஓடினாள்.

"கத்தாத ரோ. பெரியவர் அளவெடுக்கிறார். அப்படியே உன் மூக்கு இவருக்கு."

கதவைத் தள்ளினாள்.

அவன் மட்டும்தான் இருந்தான். கைகள் உடம்போடு ஒட்டி. கண்கள் திறந்தபடி. நெற்றியைத் தொட்டாள். வெகுநேரத்துக்கு முன்பே ஆறிப்போன குளிர்ச்சி.

கட்டிலின் மறுபாதியில், அவள் படுக்கும் பக்கம், போர்வை ஒழுங்காக விலக்கப்பட்டிருந்தது.

குதிகாலில் ஏதோ பட்டது. மர அளவுகோலின் நுனி. அது மெல்ல முதுகோடு மேலே ஏறியது.