கேடயத்துக்குப் பின்னால்

கேடயம் மறுபடியும் சாய்ந்திருந்தது. காலையில்தான் அவர் நேராக்கிவிட்டுப் போனார். மாலை வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றும்போது பார்த்தால், யாரோ காதைப் பிடித்துத் திருகியதுபோல் இடப்பக்கம் தொங்குகிறது.

தொழிற்சாலையில் அவருக்கு 'ஜாக்கிரதை சார்' என்று பெயர். பாதுகாப்பு அதிகாரி. கைப்பிடியைத் தொடாமல் படியிறங்குகிறவனை நிறுத்திவைத்து, அவன் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்து அறிவுரை சொல்லிவிடுவார். அந்தச் சேவைக்கு நிர்வாகம் கொடுத்த பித்தளைக் கேடயம் இது. இந்தப் பழைய வாடகை ஃபிளாட்டுக்குக் குடிவந்ததும், அடுப்பைப் பொருத்துவதற்கு முன்பே, அதை மாட்டச் சுவரில் துளை போட்டார். மனைவி கடைக்குப் போயிருந்தாள். உள்ளே குழாய் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே துளையிட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர், தன் வீட்டுச் சுவரைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தண்ணீர் முகத்தில் அடித்தது. ஓடிப்போய் வால்வை மூடினார். ஓட்டையில் சோப்பையும் பசையையும் திணித்து, மேலே கேடயத்தை மாட்டினார். பாதுகாப்பு அதிகாரி வீட்டிலேயே விபத்து என்றால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா? முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போயிற்று.

கொஞ்ச நாளில் கீழ்வீட்டுத் தையல்காரம்மா படியேறி வந்தாள். பேசும்போதும் கையில் ஒரு நூல் இருக்கும். நுனியை நாக்கில் நனைத்து நனைத்துக் கூராக்கிக்கொண்டே இருப்பாள்.

"சார், எங்க சுவரு ஒரே ஓதமா இருக்கு. சுவிட்சத் தொட்டா சுர்ருங்குது. உங்க பக்கம் ஏதாவது ஒழுகுதா?"

"நம்ம வீட்டுல ஒண்ணுமில்லம்மா. பழைய கட்டடம், மழைத் தண்ணி இறங்கியிருக்கும். ஈரக்கையோட சுவிட்சத் தொடாதீங்க. ஜாக்கிரதை."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார். என் மெஷின் அதுலதான் ஓடுது."

"பாத்தாச்சும்மா."

அவள் கண் கேடயத்தில் நின்றது. "அழகா இருக்கு சார். கொஞ்சம் கோணலா மாட்டிட்டீங்க."

அந்த வாரமே அவளைப் போர்த்தித் தூக்கிப்போனார்கள். கை சுவிட்சோடு ஒட்டியே இருந்ததாம். படிக்கட்டில் கூடியவர்களுக்கு, மின்விபத்தைத் தவிர்ப்பது எப்படி என்று இவர்தான் விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் தம்பி வந்து மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதை ஜன்னல் வழியே பார்த்தார். அன்றிலிருந்து கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது. அன்றிலிருந்து இவருக்குச் சோறும் இறங்கவில்லை.

இன்று கரண்ட் இல்லை. மழை இருட்டு ஜன்னலை அடைத்து நிற்க, ஈரச் சுண்ணாம்பின் வாடையோடு மெஷின் எண்ணெயின் வாடையும் சுவரிலிருந்து கசிந்து, நாற்காலியில், சட்டைக் காலரில், கடைசியில் நாக்கிலும் வந்து படிந்தது. கீழே, பூட்டிய வீட்டுக்குள், டகடகவென்று ஏதோ ஓடிற்று. நின்றது. மறுபடி ஓடிற்று.

மனைவியிடம் சொல்லிவிடலாம். இன்றைக்கே. அதற்குமுன் ஒருமுறை பார்த்துவிடலாம்.

கேடயத்தைக் கழற்றினார். ஓட்டையை அடைத்திருந்த பசைக்கட்டி தரையில் விழுந்தது. உள்ளேயிருந்து தள்ளிவிட்ட மாதிரி.

ஓட்டையில் தண்ணீர் இல்லை.

நூல்.

வெள்ளை நூல். நுனி நனைந்திருந்தது. கூராக இருந்தது.

விரலில் சுற்றி இழுத்தார். வந்தது. இன்னும் வந்தது. வெதுவெதுப்பாக. பிறகு நின்றது. மறுமுனையில் மெல்ல ஒரு சுண்டு. முடிச்சு இறுகியதா என்று பார்க்கிற சுண்டு.

"என்னங்க," சமையலறையிலிருந்து மனைவி. "எங்கேயோ தண்ணி சொட்டுதே. நம்ம வீட்டுலயா?"

வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை போதும். ஒரே வார்த்தை. 'ஆமா.'

"நம்ம வீட்டுல ஒண்ணுமில்ல."

கீழே மெஷின் வேகமெடுத்தது. நூல் உள்ளே ஓடியது. விரல் சுவரைத் தொட்டது. நகம் உள்ளே போயிற்று. கணுவும் போயிற்று.

உள்ளே, இருட்டில், ஒரு நாக்கு அவர் விரல்நுனியை நனைத்தது. நிதானமாக. இன்னொரு முறை.

கூராகும்வரை.